கம்பி வந்த கதை – 14: முப்பந்தலில் எழுதிய மொய்

சென்ற அத்தியாயம் வந்த மறுவாரமே வத்திராயிருப்பை ஒட்டிய வ. புதுப்பட்டி வாசகர் ஒருவர் கேட்டார்: "காமராஜர் காலத்துல கரண்டுக் கம்பி வந்ததை எழுதினீங்க, சரிங்கய்யா. தென்காசிக்குப் பஸ்ல போனா ரெண்டு பக்கமும் காத்தாடியாச் சுத்துது. எங்க ஊர்ல ஒண்ணுகூட இல்லையே, ஏன்?"

இந்த அத்தியாயத்தைப் பைக்காரா நீர்மின்நிலையத்தின் பழைய இயந்திரங்களோடு தொடங்குவதாக இருந்தேன். கேள்வி வந்தபின் அதை ஒத்திப்போட்டுவிட்டேன். புதுப்பட்டியில் காற்றாடி ஏன் இல்லை என்பதைச் சொல்லப் புகுந்தால் அரல்வாய்மொழிக் கணவாய், டென்மார்க்கின் கொல்லர் பட்டறை, ராஜபாளையத்து நூற்பாலையின் கணக்குப் பிள்ளை என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப முடியும்.

முதலில் மலை. வத்திராயிருப்பிலிருந்து மேற்கே பார்த்தால் வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறதே, அதுதான் பாதிப் பதில். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறியவர்களுக்கு அந்த மலையின் உயரத்தை முழங்கால் சொல்லும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து இந்தச் சுவரில் முட்டுகிறது. சுவரைத் தாண்ட முடியாத காற்று வாசல் தேடிப் போகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் அதற்குப் பெரிய வாசல்கள் நான்கு: கோவைக்கு மேற்கே பாலக்காடு, தேனிப் பக்கம் கம்பம், தென்காசிக்கு மேற்கே செங்கோட்டை, கன்னியாகுமரிப் பக்கம் அரல்வாய்மொழி. அகலமான வாய்க்கால் மடையில் குறுகும்போது தண்ணீர் வேகம் எடுக்கிற மாதிரி, கணவாயில் நுழைந்த காற்று சீறிக்கொண்டு வெளியே வருகிறது. புதுப்பட்டி கம்பம், செங்கோட்டை என்ற இரண்டு வாசல்களுக்கும் நடுவே சுவர் ஓரமாக ஒதுங்கியிருக்கிற ஊர். ஒரு காற்று வடக்கே ஆண்டிபட்டிப் பக்கம் போய்விடுகிறது, இன்னொன்று தெற்கே கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் இறங்கிவிடுகிறது.

"கொஞ்சமாவது அடிக்குதே" என்று விட முடியாது. காற்றின் கணக்கு ஈவிரக்கமில்லாதது. வேகம் பாதியானால் கிடைக்கும் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் ஒரு ஊரில் வரிசை வரிசையாகக் காற்றாடிகள் நிற்கின்றன, முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒன்றுகூட இல்லை.

எந்த இடத்தில் எவ்வளவு காற்று என்பதை ஆள் வைத்து, கம்பம் நட்டு, மணிக்கு மணி அளந்து எழுதியது யார் தெரியுமா? இந்த மலைக்கு அந்தப் பக்கம், பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், இந்திய வானிலைத் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் உட்கார்ந்து நாட்டின் காற்றுக் கணக்கை எழுதத் தொடங்கினார். 1983இல் வந்த அவருடைய காற்றுத் தரவுப் புத்தகமும், அதன்பின் மாநிலம் மாநிலமாக நடந்த அளவீடும் இல்லையென்றால் அரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலோடு மட்டும் அறியப்பட்ட ஊராகவே இருந்திருக்கும். மலையின் மேற்கே பிறந்தவர் கிழக்கே அடிக்கிற காற்றுக்கு விலாசம் எழுதினார்.

புதுப்பட்டிக்காரர் கேட்டதில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பெரிய காற்றாடி வேண்டாம், கிணற்றுக்குக் கிணறு ஒரு சின்னக் காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கலாமே? இறைத்துப் பார்த்தார்கள். 1980களில் நெதர்லாந்துக்காரர்களின் துணையோடு உத்தரப்பிரதேசத்தின் காசிப்பூரில் உருவான பன்னிரண்டு இறக்கைக் காற்றுப் பம்பை மத்திய அரசு நாடெங்கும் மாதிரிக்காக நட்டது. நம் பக்கம் ஆரோவில்லில் ஐரோப்பியர்களும் உள்ளூர்க் கைவினைஞர்களும் சேர்ந்து ஒன்றைச் செய்தார்கள். அது நன்றாகவே சுற்றியது. ஆனால் தோப்புக்காரருக்குத் தண்ணீர் தேவைப்படுவது காற்று அடிக்கிற நாளில் அல்லவே, பயிர் வாடுகிற நாளில் அல்லவா? அதோடு அதற்குள் கம்பி வந்துவிட்டது.

சென்ற அத்தியாயத்தில் சொன்னதை ஒரு பிடி மட்டும் மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். 1951இல் சென்னை மாநிலத்தில் மின்சாரப் பம்புசெட்டுகள் பதினைந்தாயிரத்துக்கும் குறைவு. 1960களின் நடுவில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 1957 ஜூலை 1 அன்று பிறந்த மின்வாரியம் ஊர் ஊராகக் கம்பம் நட்ட வேகத்துக்கு அன்றைய இந்தியாவில் ஈடு கிடையாது. கமலை மாடுகளை விற்றவர்கள் கோயம்புத்தூர் மோட்டார் வாங்கினார்கள். நாட்டின் முதல் மின்மோட்டார் கோவையில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் செய்தது என்பதால், மோட்டாருக்காகக் கப்பலை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலையும் மாறியிருந்தது. பிளவக்கல் அணைகளுக்குக் கீழே நெல்லும் தென்னையும் மாவும் செழித்ததில் கண்மாய்க்கு எவ்வளவு பங்கோ, ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் ஐரோப்பாவிலிருந்து காற்றாலை வந்தபோது அதை மாட்டுவதற்குத் தயாராக இங்கே ஒரு கம்பி இருந்தது. காற்றாலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இறக்கையிலிருந்து தொடங்குவார்கள். நான் மின்கம்பத்திலிருந்து தொடங்குகிறேன். என் கட்சி இதுதான்: முப்பந்தலை உண்டாக்கியதில் டென்மார்க் கொடுத்த இயந்திரத்தை விட நம் மின்வாரியம் கண்டுபிடித்த ஒரு கணக்கு முறைக்குப் பங்கு அதிகம். அந்தக் கணக்குக்கு வருவதற்கு முன்னால் டென்மார்க்கை ஒரு நடை பார்த்துவிடுவோம்.

டென்மார்க்கின் அஸ்கோவ் என்ற ஊரில் பால் லா கூர் என்ற ஆசிரியர் 1891இலேயே காற்றாடியால் மின்சாரம் எடுத்தார். 1957இல் யோஹானஸ் யூல் என்ற பொறியாளர் கெட்சர் கடற்கரையில் மூன்று இறக்கைகள் கொண்ட 200 கிலோவாட் இயந்திரத்தை நிறுத்தினார். அது பத்தாண்டு ஓடியது. பெட்ரோல் மலிவாக இருந்த காலம், யாரும் பொருட்படுத்தவில்லை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகியதும்தான் டென்மார்க்குக்கு விழிப்பு வந்தது. தனக்குத் தேவையான எரிபொருளில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாடு அது.

அப்போது காற்றாலை செய்யப் புறப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் நம் கோவைக்காரர்களுக்கு ஒரு சொந்த உணர்வு வரும். வெஸ்டாஸ் ஒரு கொல்லர் குடும்பத்தின் பட்டறையிலிருந்து வந்த நிறுவனம். விவசாயக் கருவியும் லாரிக் கிரேனும் செய்துகொண்டிருந்தது. நார்ட்டேங்க் எண்ணெய்த் தொட்டி செய்தது. போனஸ் என்ற நிறுவனமோ வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கருவி செய்தவர்களின் வீட்டிலிருந்து பிறந்தது. கிணற்றடியிலிருந்து புறப்பட்ட தொழில் என்றே சொல்லலாம். விமானக் கம்பெனிகளைக் கொண்டு ராட்சத இயந்திரம் செய்யப் போன ஜெர்மனியும் அமெரிக்காவும் அன்று தோற்றன. வெல்டிங் கம்பியோடு சிறியதாகத் தொடங்கி, உடைந்ததைத் திருத்தித் திருத்திப் பெரிதாக்கிய டேனிஷ் பட்டறைகள் ஜெயித்தன.

அவர்களை ஜெயிக்க வைத்தது பட்டறை மட்டுமல்ல, அரசாங்கம் போட்ட ஒரு நிபந்தனையும்தான். 1978இல் ரிசோ என்ற இடத்தில் ஒரு பரிசோதனை நிலையம் திறந்தார்கள். அடுத்த ஆண்டே, காற்றாலை வாங்குபவருக்கு விலையில் முப்பது சதம் மானியம் என்று அறிவித்தார்கள். ஆனால் ரிசோ சோதித்து ஒப்புதல் கொடுத்த இயந்திரத்துக்கு மட்டும்தான். காசு வேண்டுமா, சோதனைக்கு வா. வாங்கியவர்களும் பெரும்பாலும் அக்கம்பக்கத்து விவசாயிகளும் ஊர்க் கூட்டுறவுகளும்தான். தம் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற காற்றாடி என்பதால் ஒரு நாள் நின்றாலும் கம்பெனிக்குப் போன் பறக்கும். பின்னாளில், 2000இல், கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் இருபது காற்றாலைகள் நின்றபோது அதில் பாதி எட்டாயிரத்துக்கும் அதிகமான சாதாரண மக்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் பக்கம் நடந்தது வேறு.

உள்ளூர்ச் சந்தை சிறியது. டேனிஷ் பட்டறைகளுக்குத் தீனி போட்டது கலிஃபோர்னியா. அங்கே வரிச்சலுகை அள்ளிக் கொடுத்தார்கள், டென்மார்க்கிலிருந்து கப்பல் கப்பலாகக் காற்றாலை போயிற்று. 1985 முடிவில் சலுகை நின்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வெஸ்டாஸ் கடன்காரர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் கை விரித்தது. காற்றாலைப் பிரிவை மட்டும் பிரித்தெடுத்து 1987இல் புதிய நிறுவனமாக மறுபடி தொடங்கினார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகள் சுற்றத் தொடங்கிய ஆண்டும் 1986தான். குஜராத்தின் ஓகாவிலும் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியிலும் அதே சமயத்தில் மாதிரிக் காற்றாலைகள் நின்றன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். புதுப்பட்டிக் கணக்கில் சொன்னால், முழு வேகத்தில் சுற்றும்போது ஒரு காற்றாடி பதினைந்து தோப்புகளின் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார்களை ஓட்டும், அவ்வளவுதான். இன்று நிறுத்துகிற மூன்று மெகாவாட் இயந்திரம் ஒன்று அப்படிப்பட்ட ஐம்பத்து நான்கு காற்றாடிகளுக்குச் சமம்.

அதன்பின் டேனிடா வந்தது. டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு. அதன் உதவியோடு குஜராத்தின் லாம்பாவில் பத்து மெகாவாட்டும், தமிழ்நாட்டில் கயத்தாறில் ஆறு, முப்பந்தலில் நான்கு என்று பத்து மெகாவாட்டும் 1990 வாக்கில் நின்றன. கயத்தாறு என்றதும் நமக்கெல்லாம் 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட புளியமரம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கரிசல் வெளியில் ஐரோப்பாவிலிருந்து இரண்டாவது முறையாக ஆட்கள் வந்து அளவெடுத்தார்கள். இந்த முறை காற்றை.

டேனிடா உதவியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். தர்மம் செய்தார்கள் என்று ஒரு பேச்சு, தங்கள் சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலிஃபோர்னியா கதவடைத்துப் பட்டறைகள் தள்ளாடிய நேரத்தில் டென்மார்க்கின் உதவிப் பணம் டேனிஷ் இயந்திரமாகத் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது. அவர்கள் தொழில் பிழைத்தது, நமக்குக் காற்றாலை கிடைத்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பால் ஊற்றுகிற பால்காரர் கறவை மாட்டையும் காப்பாற்றிக்கொள்கிறார்; இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. எனக்கு இதில் குறையாகத் தெரிவது வேறு. இயந்திரத்தை அனுப்பிய டென்மார்க், சோதித்துப் பார்த்தபின்தான் காசு என்கிற தன் வழக்கத்தை அதே கப்பலில் அனுப்பவில்லை. நாமும் அப்போது கேட்டு வாங்கவில்லை. அதன் விலையைப் பிறகு கொடுத்தோம்.

மின்வாரியம் தன் சொந்தக் கணக்கில் நிறுத்தியது எல்லாம் சேர்த்து இருபது மெகாவாட்டுக்கும் குறைவு. மாதிரி காட்டியதோடு அரசின் வேலை முடிந்தது. இன்று தமிழ்நாட்டில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறதே, அது தனியார் நிறுத்தியது. எதை நம்பி நிறுத்தினார்கள்? அந்தக் கணக்கைச் சொல்லும் இடம் இதுதான்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை இருக்கிறது என்று வையுங்கள். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1930களில் ராஜபாளையம் மில்லைத் தொடங்கி வைத்த வழி, ஊரைச் சுற்றி நூற்பாலைகளாகப் பெருகிவிட்டது. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிற தறிகள் வேறு. நூற்பாலைக்குப் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்டு. இரவும் பகலும், தை மாதமும் ஆனி மாதமும் ஒரே மாதிரி வேண்டும். காற்று இருப்பதோ முப்பந்தலில். அதுவும் வைகாசி முதல் புரட்டாசி வரை. இடமும் பொருந்தவில்லை, காலமும் பொருந்தவில்லை.

மின்வாரியம் இரண்டுக்கும் வழி செய்தது. முதலாவது, முப்பந்தலில் நீ உண்டாக்குகிற யூனிட்டை என் கம்பியில் ஊற்று; ராஜபாளையத்தில் உன் மில் மீட்டரில் அதைக் கழித்துக்கொள்கிறேன்; கம்பிக் கூலியாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்வேன். இரண்டாவது, ஆடியில் அதிகமாக ஊற்றியதை மார்கழியில் எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் கணக்கு முடியும். 2006இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவில் கம்பிக் கூலி ஐந்து சதம், சேமிப்புக் கூலி ஐந்து சதம். ஆண்டு முடிவில் மிஞ்சியதை வாரியம் முக்கால் விலைக்கு எடுத்துக்கொண்டது. மில் எதுவும் இல்லாதவர் அன்று மொத்தமாக வாரியத்துக்கே விற்க முடிந்தது: பழைய காற்றாலைக்கு யூனிட் 2 ரூபாய் 75 காசு, புதியதற்கு 2 ரூபாய் 90 காசு.

ஆங்கிலத்தில் இதை பேங்கிங் என்கிறார்கள். எனக்கு மொய் என்றுதான் தோன்றுகிறது. பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்களே, அதே ஆடியில்தான் முப்பந்தலில் மின்சார மொய்யும் எழுதப்படுகிறது. கையில் இருக்கும்போது எழுதிவிடு, தேவைப்படும்போது திரும்ப வரும், நோட்டு ஒன்று நம்பிக்கையாக இருந்தால் போதும். வித்தியாசம், மொய்ப்பணம் திரும்பும்போது கூடி வரும். இங்கே கூலி போக மீதி. இன்னொரு விஷயம்: மின்சாரத்தைக் குதிரில் போட்டு வைக்க முடியாது. ஆடியில் மில் எழுதிய யூனிட்டை வாரியம் அன்றே யாருக்காவது கொடுத்துச் செலவழித்துவிடும், புதுப்பட்டித் தோப்பு மோட்டார் உட்பட. மார்கழியில் திருப்பிக் கொடுப்பது நிலக்கரியில் எடுத்த வேறு யூனிட். சிறு விவசாயிகளுக்கு 1984இலும், பிறகு எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாகிவிட்டதால் மீட்டரே இல்லாத மோட்டார் ஒரு பக்கம், யூனிட் யூனிட்டாக மொய் எழுதுகிற மில் ஒரு பக்கம். நடுவில் ஒரே கம்பி. வாரியத்தின் கடன் கதை தனி அத்தியாயம். அதில் இந்த நோட்டும் ஒரு பக்கம் என்று மட்டும் இப்போதைக்கு.

நோட்டு தயார். முதல் எங்கிருந்து வந்தது? வருமான வரியிலிருந்து. காற்றாலை வாங்கிய முதல் ஆண்டிலேயே அதன் முழு விலையையும் தேய்மானமாக எழுதிக்கொள்ளலாம் என்றது மத்திய அரசு. ஒரு கோடி லாபம் பார்த்த மில், ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால் அந்த ஆண்டு வரி கட்ட லாபமே இல்லை. நிதியாண்டில் நூற்றெண்பது நாளாவது பயன்பாட்டில் இருந்தால் முழுச் சலுகை, குறைந்தால் பாதி. ஆகவே செப்டம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் கிரேனுக்கு அடிதடி. காற்று அடிக்கிற மாதத்தைப் பார்த்து நிறுத்த வேண்டிய இயந்திரம், ஆடிட்டர் சொல்கிற தேதியைப் பார்த்து நிறுத்தப்பட்டது.

சென்னையில் டேனிஷ் பெயர்களோடு சேர்ந்த கம்பெனிகள் முளைத்தன: வெஸ்டாஸ் ஆர்ஆர்பி, என்இபிசி மைக்கான். ஜெர்மனியில் காற்று மின்சாரத்தை மின்நிறுவனங்கள் நிர்ணய விலைக்கு வாங்கியே ஆக வேண்டும் என்று 1991இல் சட்டம் வந்து தொழில் பெருகியதும், அங்கிருந்தும் கூட்டுகள் வந்தன. குஜராத்தில் துணி ஆலை நடத்திய துளசி தந்தி, கரண்டு பில் தாங்காமல் ஜெர்மனியின் சூட்விண்டோடு சேர்ந்து 1995இல் சுஸ்லானைத் தொடங்கினார். நம் ராஜபாளையம் ராம்கோ குழுமம் 1990களின் முற்பகுதியிலேயே இந்தத் துறையில் இறங்கியது. 1995-96இல் மட்டும் தமிழ்நாட்டில் 280 மெகாவாட்டுக்கு மேல் நின்றது. அடுத்து குறைந்தபட்ச மாற்று வரி என்று ஒன்று வந்தது. தேய்மானம் காட்டினாலும் ஏதாவது கட்டியே தீர வேண்டும். 1998-99இல் புதிதாக நின்றது இருபது மெகாவாட்டுகூட இல்லை. காற்று என்னவோ அதே காற்றுதான்.

வரி வேகத்தில் வாங்கிய இயந்திரங்களில் பல நம் வெயிலையும் தூசியையும், அடிக்கடி துடித்து அறுகிற நம் கம்பியையும் கண்டு திணறின. கியர் பாக்ஸ் போனால் மாற்றுப் பொருள் கப்பலில் வரவேண்டும். ஊர்க் கூட்டுறவு வாங்கியிருந்தால் போன் பறந்திருக்கும் என்றேனே, இங்கே சொந்தக்காரர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தார். வரி மிச்சம் முதல் ஆண்டே கைக்கு வந்துவிட்டது. மானாவாரி நிலத்தை அன்றைய விலைக்கு விற்றுவிட்ட பணகுடி, ராதாபுரம் பக்கத்துக்காரர்கள் தங்கள் பழைய காட்டில் நிற்கிற காற்றாடிக்கு வாட்ச்மேனாகப் போனார்கள்.

சோதிக்காமல் வாங்கியதன் விலை என்று முன்பே சொன்னது இதைத்தான். அதற்கு மருந்தும் டென்மார்க்கிலிருந்தே வந்தது. 1998இல் டேனிடா உதவியோடு, ரிசோ நிபுணர்களின் துணையோடு, சென்னைப் பள்ளிக்கரணையில் காற்றாலைத் தொழில்நுட்ப மையம் பிறந்தது. சோதனை நிலையம் கயத்தாறில். இன்று அதற்குத் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் என்று பெயர். அதன்பின் சான்று பெற்ற மாதிரிக்குத்தான் மரியாதை. இருபது ஆண்டுக்கு முன் டென்மார்க் தன் வீட்டில் செய்ததை நாம் அப்போது செய்தோம். என்னைக் கேட்டால், ஐரோப்பா கொடுத்ததில் உருப்படியானது இந்தச் சோதனைச் சாலைதான், காற்றாடி அதற்கு அடுத்துதான்.

அதே 1998இல் பொக்ரானில் அணுகுண்டு வெடித்ததும் டென்மார்க்கோடு உறவு கசந்தது. 2003 பட்ஜெட்டில் சிறிய நாடுகளின் உதவி இனி வேண்டாம் என்று இந்தியாவும் சொல்லிவிட்டது. உதவி போனாலும் வியாபாரம் போகவில்லை, திசைதான் கொஞ்சம் மாறியது. சுஸ்லான் 2006இல் பெல்ஜியத்தின் ஹேன்சன் கியர் பாக்ஸ் நிறுவனத்தையும், அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டையும் வாங்கியது. கடன் கழுத்தை நெரிக்கப் பின்னால் இரண்டையும் விற்றது வேறு கதை. ஹேன்சன் கோவையில் கட்டிய தொழிற்சாலை மட்டும் நின்றது. பம்புசெட் ஊர் காற்றாலைக் கியர் பாக்ஸ் ஊராகவும் ஆயிற்று.

2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2012இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் எத்தனை மணி நேரம் கரண்டு இருந்தது என்று கேட்பதை விட எத்தனை மணி நேரம் இல்லை என்று கேட்பதே வழக்கமாயிருந்தது. அந்த நாளில் ஒரு விசித்திரம். ஆனி, ஆடியில் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சில மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஊரில் இருட்டு, காட்டில் காற்று, நடுவில் கம்பி போதவில்லை. பம்புசெட்டுக்காக இழுத்த கம்பி ஊருக்குள் மின்சாரத்தைக் கொண்டுவருவதற்கு. காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மெகாவாட்டை அள்ளிக்கொண்டு போவதற்கு அல்ல. மிஞ்சியதை வடக்கே விற்கலாம் என்றால், 2013 டிசம்பர் 31 வரை தென்னகக் கம்பி நாட்டின் மற்றக் கம்பியோடு ஒரே தாளத்தில் இணையவே இல்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வந்த பிறகுதான் இணைந்தது.

ஐரோப்பா மறுபடி வந்தது இந்த இடத்தில். இந்த முறை காற்றாடியோடு அல்ல, கம்பிக்குக் கடனோடு. 2013இல் ஜெர்மனி பசுமை மின்தடங்களுக்கென்று நூறு கோடி யூரோ வரை சலுகைக் கடன் தருவதாகச் சொன்னது. கே.எஃப்.டபிள்யூ என்ற அவர்களுடைய அரசு வங்கி வழியாக வந்த கடன் தமிழ்நாட்டின் மின்தொடரமைப்புக் கழகத்துக்கும் கிடைத்தது. தேனி மாவட்டத்துத் தப்பகுண்டு, கோவை, திருப்பூர்ப் பக்கத்து ஆனைக்கடவு, ராசிபாளையம் என்று 400 கிலோவோல்ட் துணைமின்நிலையங்கள் இந்தத் திட்டத்தில் எழுந்தவை. கம்பம் கணவாயில் நுழைந்து, புதுப்பட்டி மலைக்கு அந்தப் பக்கமாகவே போய்விடுகிற காற்று தப்பகுண்டில் கம்பி ஏறுகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கரூர்ப் பக்கத்துப் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொண்டுவர, கொண்டுபோக 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் வந்தது; இரு முனை நிலையங்களும் சுவீடனும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்த ஏபிபி பரம்பரையின் கைவேலை. புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகிற தடம் ஜெர்மன் சீமென்ஸ் சம்பந்தப்பட்டது. அதாவது பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று கிழக்கே வருகிறது, மின்சாரம் மேற்கே போகிறது.

டென்மார்க்கும் திரும்பி வந்தது. 2020 செப்டம்பரில் பசுமைக் கூட்டாண்மை என்று இரு பிரதமர்களும் அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2013 முதல் 2018 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் நடந்த ஆய்வு ஒன்று குஜராத்துக் கடலையும் தமிழ்நாட்டுக் கடலையும் அலசி, கடலுக்குள் காற்றாலை நிறுத்தத் தோதான பகுதிகளைக் குறித்துக் கொடுத்திருந்தது. நம் பக்கம் குறித்தது எந்தக் கடல் என்கிறீர்கள்? மன்னார் வளைகுடாவும் கன்னியாகுமரி முனையும். அரல்வாய்மொழி வாசலில் புகுந்து முப்பந்தலில் சுற்றிவிட்டுக் கிழக்கே போன காற்று கடலில் இறங்குகிற இடம். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது: குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட், கூடவே இரண்டு துறைமுகங்களைச் சீர்செய்யப் பணம். அந்தக் கடலில் வலை போடுகிறவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பணகுடி நிலத்தில் அதைக் கேட்காமல் விட்டதை இப்போதுதான் எழுதினேன்.

கரையில் பழைய காற்றாடிகளின் பாடு வேறு. நல்ல காற்று அடிக்கிற இடத்தையெல்லாம் முப்பது ஆண்டுக்கு முந்தைய குட்டி இயந்திரங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியதை நிறுத்தத் தமிழ்நாடு அரசு 2024 ஆகஸ்டில் ஒரு கொள்கை அறிவித்தது. சொந்தக்காரர்கள் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் மொய் நோட்டு: 2018 மார்ச்சுக்குப் பிறகு நிறுத்துகிற காற்றாலைக்கு அந்த ஓராண்டுச் சேமிப்பு கிடையாது. பழைய காற்றாடியைக் கழற்றினால் பழைய நோட்டும் போய்விடுமோ என்ற பயம். முப்பந்தலில் இயந்திரத்தை விட நோட்டுக்கு ஆயுள் வேண்டியிருக்கிறது.

புதுப்பட்டி அய்யாவுக்குப் பதில் இதுதான். உங்கள் ஊரில் காற்றாடி இல்லை, மலை விடவில்லை. ஆனால் ஆடி மாதம் ராத்திரி மூணு பேஸ் வந்ததும் டார்ச்சோடு தோப்புக்குப் போய் மோட்டாரைப் போடுகிறீர்களே, அன்றைக்குக் கிணற்றிலிருந்து ஏறுகிற தண்ணீரில் செங்கோட்டைக் காற்றும் கம்பம் காற்றும் கொஞ்சம் இருக்கும். யார் வீட்டு மொய்யோ, உங்கள் வாய்க்காலில் ஓடுகிறது.

உங்கள் ஊருக்குக் கிழக்கே, கமுதிச் சீமைக் கருவேலங்காட்டை அழித்து 2016இல் இரண்டாயிரத்து ஐந்நூறு ஏக்கரில் சூரியத் தகடுகளைப் பரப்பிய கதை, அடுத்த இதழில்.